படிக்கக் கேட்டேன், சரியாக இருந்தது

அன்பு மகளுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பஞ்சர் கடை மாமா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். குதிகால் கொப்புளம் ஆறிவிட்டதா என்று முதலில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம்.

நீ போட்ட மூன்று கடிதங்களையும் மாமா கடை வாசலில் உட்கார்ந்து படித்துக் காட்டினார். மூன்றும் எனக்கு மனப்பாடம். முதல் கடிதத்தில், போலீஸ் பயிற்சிப் பள்ளியில் முடியைக் காது வரைக்கும் வெட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். உன் அம்மா அழுதாள். இத்தனை நாள் ஒளிந்திருந்த காதாவது வெளியே தெரியட்டுமே என்று சொல்லித் தொலைத்தேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

இரண்டாவது கடிதத்தில், உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நூற்று நாற்பத்தேழு என்கிறார்கள் என்று எழுதினாய். கவாத்தில் ஊரே இடது காலை வைக்கும்போது நீ மட்டும் வலது காலை வைத்து, கவாத்து வாத்தியார் உன் இடது மணிக்கட்டில் கைக்குட்டை கட்டிவிட்டாராமே. மாமா சிரித்த சிரிப்பில் மேலே படிக்க முடியவில்லை. நாலு வயதிலேயே நீ செருப்பை மாற்றித்தான் போடுவாய். போர்வையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மொத்தப் படுக்கையையும் கலைத்துப் போடுகிறார்களாம். இங்கே நீ போர்வை மடித்து நான் கண்டதே இல்லை. கலைத்துப் போடுகிற புண்ணியவான் யாரோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்.

மூன்றாவது கடிதத்தில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

வாக்குமூலம் எழுதும் வகுப்பில் உன் தோழி எழுத்தறியாத பெண்ணாக நடித்தாள். நீ நாலு பக்கம் அழகாக எழுதினாய். மணி அடிக்கப்போகிறதே என்ற அவசரத்தில், படித்துக் காட்டாமல் அவள் விரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கிவிட்டாய். இன்ஸ்பெக்டர் அம்மா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, எண்பது பேர் பார்க்க உன்னை மைதானத்தில் ஐந்து சுற்று ஓடவிட்டார். ஓட விடுமுன் ஒன்று கேட்டார்: "உங்க வீட்ல கைநாட்டு வைக்கிறவங்க யாராவது இருக்காங்களா?" நீ பதில் சொல்லாமல் நின்றாய்.

இதற்கு மேல் எனக்கு இந்த வேலை வேண்டாம், நீங்கள் அன்றே சொன்னீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து விலகல் தாளில் கைநாட்டு வைத்து என்னைக் கூட்டிப் போங்கள் என்று முடித்திருந்தாய்.

நீ அழுதது ஓடியதற்காக இல்லை, அந்தக் கேள்விக்கு வாய் திறக்காமல் நின்றதற்காக என்று எனக்குத் தெரியும். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. எண்பது பேர் நடுவில் யாருக்குத்தான் நாக்கு எழும்.

நீ கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிட நான் வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் வேலை என்றேன். அன்று ஸ்டாண்டில் நின்றவை பதினொரு வண்டிதான். யாருக்காகவோ காத்திருப்பது போல அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குப் போலீஸ் என்றால் ஏன் ஆகாது என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை கேட்டாய். அவளுக்குத் தெரியும், சொல்லக்கூடாது என்று நான்தான் கட்டிப்போட்டிருந்தேன்.

நீ பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னால். செவ்வாய்க்கிழமை, மழை விட்டு வெயில் அடித்த காலை. ஸ்டாண்டிலிருந்து ஒரு பச்சை சைக்கிள் போனது. பெல்லுக்கு மூடி இல்லை, பின் மட்கார்டில் நசுங்கல், சொந்தக்காரர் பள்ளிக்கூட கிளார்க். டோக்கன் இல்லாமல் நூறு வண்டிக்கு ஆள் அடையாளம் சொல்கிறவன் நான், எடுத்தவனைப் பார்க்காமல் இருப்பேனா? உயரமான ஆள், நீல முழுக்கைச் சட்டை, இடது செருப்பின் வாரை நூலால் கட்டியிருந்தான். ஸ்டேஷனில் அத்தனையும் சொன்னேன். பஞ்சர் கடைக்காரர்மேல் சந்தேகப்படுகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த நேரத்தில் அவர் என் கண்ணெதிரே டியூப் ஒட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சொன்னேன். நான் அரை மணி நேரம் பேசினேன், ரைட்டர் ஒரு பக்கம் எழுதினார். பொடி எழுத்து போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மைப் பெட்டியைத் தள்ளினார், வைத்தேன்.

கோர்ட்டில் அதைப் படித்தார்கள். பஞ்சர் கடைக்காரர் அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதை நான் பார்த்ததாக இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று கத்தினேன். கேட்டது ஒரே கேள்வி.

"இது உன் கைநாட்டுதானே?"

"என் கைநாட்டுதாங்க."

ஏழு மாதம் உள்ளே இருந்தார். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் உன் மாமாதான் அது.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதெல்லாம் பிள்ளைக்கு எதற்கு, பயந்துவிடும் என்கிறார். நான் சொன்னேன்: "நான் சொல்றத சொன்னபடி எழுது. ஒருத்தன் மாத்தி எழுதினது போதும்." அதன் பிறகு எழுதுகிறார்.

அந்த ஏழு மாதமும் அவர் கடையை நான்தான் திறந்து வைத்தேன். நான் ஒட்டின டியூப் ஒன்றுகூடத் தெரு முனை தாண்டவில்லை என்று அவர் இன்றைக்கும் சொல்வார். திரும்பி வந்தவர் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் வார்த்தை, "பம்ப எங்கடா வச்ச?" அதற்குமேல் இந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை. இன்றைக்குத்தான் எடுத்திருக்கிறோம், அதுவும் உனக்காக.

என் பெண் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறாளே என்றுதான் அன்று நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் உட்கார்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். படித்துக் காட்டாததற்காக ஒரு பெண்ணை ஓடவிடுகிற இன்ஸ்பெக்டர் அம்மாவும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார் என்று உன் கடிதம் வந்துதான் தெரிந்தது. அந்த வரியை மாமா ஒரு தடவை படித்தார். பிறகு நான் கேட்காமலே இன்னொரு தடவை படித்தார். படித்துவிட்டு, ஐந்து சுற்று குறைச்சல் என்றார்.

உன் அம்மா இரண்டு ஜோடி தடித்த காலுறை எடுத்து வைத்திருக்கிறாள். பூட்ஸுக்குள் பருத்தித்துணி சுற்றிப் போட்டால் கடிக்காது என்கிறாள். பூட்ஸைக் கண்ணால்கூடப் பார்க்காதவள் சொல்வது, இருந்தாலும் செய்து பார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், மாமாவும் வருகிறார். கட்டை விரலையும் கொண்டு வருகிறேன். விலகல் தாளை எடுத்து வை. ஆனால் அதை நீதான் எனக்குப் படித்துக் காட்ட வேண்டும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், சத்தமாக, நிறுத்தி நிறுத்தி. படித்து முடித்து என் முகத்தைப் பார்த்து, வையுங்கள் அப்பா என்று நீ சொன்னால் வைக்கிறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் பெட்டியை நானே தூக்கிக்கொள்வேன்.

சொல்ல வாய் வராவிட்டால் தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிடு. காலுறையை வாங்கிக்கொண்டு உள்ளே போ.

என்றைக்காவது என்னைப் போல ஒருவன் உன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பான். அவனை முதலில் உட்கார வை, தாயே. நல்லா இரு.

இப்படிக்கு,
உன் அப்பா

மேலே கண்டதை மாமா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். படிக்கக் கேட்டேன், சரியாக இருந்தது. கீழே இருப்பது என் இடது கைப் பெருவிரல். பஞ்சர் கடையில் மைப் பெட்டி கிடையாது. சைக்கிள் சங்கிலிக் கரியில் தோய்த்து வைத்திருக்கிறேன்.