பறந்து போகாத குழந்தைக்கு ஒரு பெட்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீ அங்கே உடம்பும் மனசும் நல்லபடியாக இருக்கிறாயா என்பதுதான் எந்நேரமும் என் நினைப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல, டாக்டரிடம் போகலாம் என்றால் உடனே வலி போய்விடுகிறது. தம்பி ஒருவழியாக டிரைவிங் டெஸ்ட் பாஸ் செய்துவிட்டான், அவன் வண்டியில் ஏறத்தான் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீ நர்ஸ் வேலை பார்க்கிற ஊரைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், மேலே போர் விமானச் சத்தம் கேட்டால் வார்டில் இருக்கிற பச்சைக் குழந்தைகளைத் தொட்டிலோடு ஜன்னலோரத்திலிருந்து நடைவழிக்குத் தள்ளிக்கொண்டு ஓடுகிறோம் என்று. யாருடைய விமானம் என்று நீ எழுதவில்லை, கேட்க எனக்குப் பயம். இத்தனை வருஷமாக அந்த விமானத்துக்குள் போகிற ஒயர்களைக் கட்டிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், அதன் இறக்கைத் தகட்டுக்கு ரிவெட் ஆணி அடிக்கிறவர் உன் அப்பா. அந்த வரியைப் படித்ததிலிருந்து வேலையில் கை ஓடவில்லை கண்ணு.

இதற்கு நடுவில் பேக்டரியில் எங்கள் தலையில் ஒரு இடி விழுந்தது. புது விமானத்தின் விலை ஏறிக்கொண்டே போகிறதாம், அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகவில்லையாம், ஆர்டரைப் பாதியாகக் குறைக்கலாம் என்று பேச்சு. யூனியன் செயலாளர் அம்மா எங்களைக் கூட்டி, அழுதா ஆர்டர் வராது, இந்தக் கையையும் இந்த மெஷினையும் வச்சு வேற என்ன செய்யலாம்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க என்றார். ஒருத்தர் தீயணைப்பு வண்டிக்குப் பம்ப் என்றார், ஒருத்தர் தண்ணீர் சுத்தம் செய்கிற மெஷின் என்றார். நான் வாய் தவறிச் சொன்னதுபோல, குறைமாசக் குழந்தையைச் சூடாக வைக்கிற இன்குபேட்டர் பெட்டி என்றேன், உன் கடிதம்தான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. ஹீட்டருக்கு ஒயர் நான் போடுவேன், பைலட் தலைக்கு மேல் வருகிற மூடியைச் செய்கிற நம் கண்ணாடிக்காரர் குழந்தைக்கு மேல் வருகிற மூடியைச் செய்யமாட்டாரா? மாதிரிக்கு ஒன்று செய்துகொள்ளுங்கள் என்று மேனேஜரும் விட்டுவிட்டார்.

அங்கேதான் நாங்கள் அசடு வழிந்தோம். விமானத்தில் ஒரு ஸ்க்ரூ போட்டால் அது ஆடி அவிழாமல் இருக்க மெல்லிய கம்பி கோத்து முறுக்கிக் கட்டுவோம், அது தூக்கத்திலும் வருகிற பழக்கம். குழந்தைப் பெட்டிக்கும் ஒரு ஸ்க்ரூ விடாமல் அப்படியே கட்டிவைத்தோம். நம் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஹெட் நர்ஸ் இழுக்கிறார், தள்ளுகிறார், திறந்தால்தானே? கண்ணாடிக்காரர் குறடு எடுக்க ஓடுகிறார். அந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏம்மா, குழந்தை எங்கேயும் பறந்து போயிடாதும்மா, ரெண்டு கையிலயும் வேலை இருக்கும்போது நான் இதை முழங்கையால திறக்கணும், தினமும் கழுவணும் என்றாரே பார்க்கலாம்! விலையைச் சொன்னதும், இதுக்கு ஒரு வார்டே கட்டிடலாமே என்று வேறு கேட்டார். மானம் கப்பலேறியது. விமானத்தின் விலை கட்டுப்படியாகாமல்தானே இதற்கு வந்தோம், அந்த விலைப் புத்தியையும் கூடவே கொண்டுவந்துவிட்டோம். அப்புறம் அவரையே பேக்டரிக்குக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தேவையில்லாத கம்பியை எல்லாம் வெட்டியெறிந்து, முழங்கை பட்டாலே திறக்கிற மாதிரி கொக்கி வைத்தோம். விலையும் இறங்கியது. இந்த மாதிரி இன்னும் நிறைய வேணும்மா என்று சொல்லிவிட்டுப் போனார், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை யூனியனில் ஓட்டெடுப்பு. முழு விமான ஆர்டரையும் கேட்டுப் போராடுவதா, ஒரு ஷெட்டையாவது இந்த வேலைக்குக் கேட்பதா என்று கை தூக்கவேண்டும். பெட்டி வேலைக்குச் சம்பளம் குறைவு. அப்பா வாரம் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் அதுக்குப் போயிட்டா தம்பி படிப்பை யாரு பார்க்கிறது, ஊர்ல எத்தனை பெட்டிதான் வேணும் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் நான் கை தூக்கினேன். அப்பா பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மயிரிழையில் ஜெயித்தோம், அதுவும் இடது பக்கத்துச் சின்ன ஷெட் மட்டும். பெரிய ஷெட்டில் விமானம்தான். இப்போது ஒரே பஸ்ஸில் போகிறோம், கேட் தாண்டியதும் அவர் வலப்பக்கம், நான் இடப்பக்கம். பழைய விமானங்களில் நான் போட்ட ஒயர் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கும், அதை நான் அவிழ்க்க முடியாது. இனி புதிதாகப் போடமாட்டேன், அவ்வளவுதான் என்னால் ஆனது.

அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, கிடைத்த நேரத்தில் தூங்கு. உன் கைபட்ட குழந்தைகள் எல்லாம் நன்றாக வளரட்டும், நீயும் நூறு வயசு நன்றாக இரு. ஒன்றை மறக்காதே, இதைச் சொல்வது நான் இல்லை. நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றிருந்த அப்பா இப்போதுதான் எழுதச் சொன்னார். சத்தம் கேட்டா குழந்தைங்களை உள்ளே கொண்டுபோய் விட்டுட்டு அவ ஜன்னல்கிட்ட நிக்கப் போறா, அவளையும் உள்ளே போகச் சொல்லு என்றார்.

உன் அம்மா