மூன்று பத்தா, இரண்டு நாற்பதா

மகள் கனடாவிலிருந்து ஒரு கைமணிக்கூடு அனுப்பியிருக்கிறாள். அங்கே தான் கட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினாளாம். சார்ஜ் ஏற்றி அதன் முகம் வெளிச்சமானபோது அது இன்னும் அவளுடைய ஊர் நேரத்தையே காட்டியது. அவள் வீடியோவில் சொல்லச் சொல்ல நான் அதை என் ஃபோனோடு இணைத்தேன். இணைந்ததும் இலக்கங்கள் தாமாகவே மாறி என் ஊரான நெளுக்குளத்து நேரத்துக்கு வந்து நின்றன.

"ஆர் மாத்தினது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை அம்மா. அது ஃபோனிட்டைக் கேட்டு மாத்தும்."

"அப்ப தனக்கு நேரம் தெரியாதோ?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை மணிக்கூடு என்று சொல்லலாமா என்று கேட்க எனக்கு இருந்த ஒரே ஆள் நீ. நீ போய் நான்கு வருடமாகிறது. சிறுநீரகம் கெட்டு நீ படுத்திருந்தபோது ஒரு தரம்தான் வந்து பார்த்தேன். அன்றைக்கு இந்தக் கதையெல்லாம் கதைக்கத் தோன்றவில்லை.

சண்டைக் காலத்தில் விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைச் சேலையால் மறித்து ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த தாதி. நீ முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்த மருத்துவிச்சி. சனத்துக்கு இரண்டு பேரும் 'மிசி'தான். மண்டபத்துக்குப் பின்னால் ஒரே அறையில் படுத்தோம், ஒரே வாளியில் குளித்தோம். மணிக்கூடு மட்டும் ஆளுக்கொன்று இருந்தது.

உன்னுடையது உன் அப்பா கடலுக்குக் கட்டிக்கொண்டு போனது. கண்ணாடிக்குள் உப்புப் பூத்திருக்கும். காலையில் முகம் கழுவியதும் சாவி கொடுப்பாய். என்னுடையது அண்ணா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கறுப்புப் பிளாஸ்டிக், முள் இல்லாதது. நீ அதை ஒருநாளும் மணிக்கூடு என்று சொன்னதில்லை. 'இலக்கப் பெட்டி' என்பாய்.

"மணிக்கூடெண்டால் நான் அதுக்குச் சாவி குடுக்கவேணும், அது எனக்கு நேரம் சொல்லவேணும். உன்ரை பெட்டிக்கு நீ என்ன குடுக்கிறாய்?"

"உன்ரை ஒரு நாளைக்கு ஆறு நிமிசம் பிந்துது. பின்னேரம் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டுத்தானே திருத்திறாய்? அப்ப உன்ரையும் கேட்டுச் சொல்லுற சாமான்தானே?"

"கேக்கிறது நான். மணிக்கூடு கேக்கேல்லை."

அந்தப் பதிலை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. இப்போது அதைத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். சரியாகவும் இருக்கிறது, வெறும் விதண்டாவாதமாகவும் இருக்கிறது.

ஒருநாள் என் மணிக்கூட்டின் முகம் வெறுமையாகிவிட்டது. தடையால் பற்றரி வன்னிக்குள் வராத காலம். நீ கேலி செய்யவில்லை. நாடி பார்க்க உன்னுடையதைக் கழற்றித் தந்தாய். சில மாதம் கழித்து வெளியே போகப் பாஸ் கிடைத்து வவுனியாவுக்குப் போனபோது கடைக்காரர் புதுப் பற்றரி போட்டு, தன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நேரமும் வைத்துத் தந்தார். வன்னிக்குள் திரும்பி வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தது. இயக்கத்தின் கையிலிருந்த வன்னிக்குள் பழைய நேரம்தான். என் மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடியது. நாலு பொத்தானில் எதை அமத்தினால் நேரம் மாறும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பார்க்கும்போதெல்லாம் நான் மனதுக்குள் அரை மணித்தியாலத்தைக் கழித்துக்கொள்வேன்.

அந்த மாசியில்தான் கலா வந்தாள். அவளுக்குத் தலைப்பிள்ளைப் பேறு. வாய்க்கால் கரைக் கொட்டிலிலிருந்து அவளுடைய அக்காக்காரி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதற்கு முந்திய இரண்டு நாளும் மலேரியாக்காரரோடு மாரடித்ததில் நீ சாவி கொடுக்க மறந்துபோனாய். உன் மணிக்கூடு பதினொன்று நாற்பதில் நின்றிருந்தது. பிள்ளை சுகமாகப் பிறந்து அழுதது. "நேரத்தை எழுது" என்றாய். நான் என் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் மூன்று பத்து என்று எழுதினேன். எழுதி முடிக்க முன்னமே கலாவுக்கு இரத்தம் போகத் தொடங்கிவிட்டது.

நீ கலாவின் வயிற்றை அமத்திப் பிடித்திருந்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் முன்பு பார்த்ததில்லை.

"நாடியைப் பிடி. உன்ரை பெட்டியைப் பாத்து எண்ணு. நிப்பாட்டாமல் எண்ணு."

எண்ணினேன். ஒரு நிமிடத்துக்கு நூற்றி முப்பது. பிறகு நூற்றி முப்பத்தாறு. இருந்த ஒரே சேலைனையும் ஏற்றினோம். இலக்கங்கள் ஓட ஓட நான் எண்ணி எண்ணிச் சொன்னேன். நீ கையை எடுக்கவேயில்லை. நூற்றிப் பத்துக்கு இறங்கியபோதுதான் மூச்சு விட்டாய். பிறகு தொண்ணூற்றெட்டு.

வெளியே வந்து கை கழுவும்போது அக்காக்காரி வந்து நின்றாள். "மிசி, பிள்ளை பிறந்த நேரம் சொல்லுங்கோ. சாதகம் எழுதவேணும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டாய்: "கழிச்சனியோ?"

எனக்குத் தெரியவில்லை. கழித்துத்தான் மூன்று பத்து எழுதினேனா, மணிக்கூடு காட்டிய மூன்று பத்தை அப்படியே எழுதினேனா? அப்படியே எழுதியிருந்தால் சரியான நேரம் இரண்டு நாற்பது. எழுதிய கை நினைவிருக்கிறது, பார்த்த இலக்கம் நினைவில் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. களைப்பா, வெட்கமா? நீ அக்காக்காரியிடம் "மூண்டு பத்து" என்றாய். அத்தோடு அதைப் பற்றி நாம் பேசவேயில்லை. மணிக்கூட்டுச் சண்டையும் அதற்குப் பிறகு வரவில்லை.

போன கிழமை ஒரு ஃபோன் வந்தது.

"மிசியோ? நான் கலா. விசுவமடுப் பள்ளிக்கூடத்தில பிள்ளை பெத்தனான். உங்கடை நம்பரை எவ்வளவு தேடினன் தெரியுமோ."

அன்று பிறந்தவளுக்குக் கிளிநொச்சியில் கலியாணம் பேசுகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டார் சாதகம் கேட்கிறார்களாம்.

"என்னட்டை ரெண்டு சாதகம் கிடக்கு மிசி. எதைக் குடுக்கிறது?"

"ரெண்டோ?"

"ஓம். மற்ற மிசி கொட்டிலுக்கு வந்து சொன்னவா, நேரம் அரை மணித்தியாலம் பிழைச்சிருக்கும், ரெண்டுக்கும் எழுதி வையுங்கோ எண்டு. தான்தான் அவசரத்தில பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டும் சொன்னவா. உங்களிட்டைக் கேக்கவேண்டாம் எண்டவா. இப்ப அவா இல்லையெண்டு கேள்விப்பட்டுத்தான் உங்களைத் தேடினனான்."

மற்ற மிசி என்றால் நீதான்.

மூன்று பத்துச் சாதகத்தில் செவ்வாய் தோசமாம். இரண்டு நாற்பது என்றால் ஒரு குறையும் இல்லையாம். அவள் எதைக் கேட்க ஆசைப்படுகிறாள் என்பது குரலில் தெரிந்தது. இரண்டு நாற்பது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மையாகக்கூட இருக்கலாம்.

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றேன். "நேரம் எழுதினது நான். அவா இல்லை. கழிச்சனானோ எண்டு எனக்கு அண்டைக்கும் தெரியாது, இண்டைக்கும் தெரியாது."

"நீங்கள் அண்டைக்கு நாடி எண்ணினது எனக்குக் கேட்டது மிசி," என்றாள். "அதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான்."

நேற்று மறுபடி எடுத்தாள். இரண்டையும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்து, நடந்ததையும் சொன்னாளாம். "பொருந்திறதை எடுப்பம் எண்டு சொல்லிப்போட்டினம்" என்று சிரித்தாள். ஆவணியில் கலியாணம். என்னையும் வரச் சொன்னாள்.

போவேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உன்னிடம் கேட்க வேண்டியது அப்படியே கிடக்கிறது. நான் தலையாட்டியது பொய் என்று உனக்கு அப்போதே தெரிந்ததா? என்னைக் காப்பாற்றினாயா, இல்லை என்னை நம்பாமல் போனாயா? ஒரு நேரம் முதலாவது என்று படுகிறது, ஒரு நேரம் இரண்டாவது என்று படுகிறது.

நீ எப்போது அவளுடைய கொட்டிலுக்குப் போனாய் என்று கலாவைக் கேட்டேன். பிள்ளைக்கு முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலுக்குள் நடந்து வந்தவா என்றாள். விசுவமடுவில் நாம் இருந்த காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தேவாலயத்துக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு, "பூசைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாய். அந்த ஞாயிறுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எதிலும் உன் முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவற்றில் ஒன்றில் நீ பூசைக்குப் போகவில்லை.