ஆக்லாந்துக்கு மூன்றரை மணி நேரம்

நியுவே தீவு விமான நிலையம்,
செவ்வாய்க்கிழமை (உனக்குப் புதன்)

அன்பு மகள் திவாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள், இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. புயலில் தொலைபேசிக் கோபுரம் சாய்ந்ததிலிருந்து உன் குரலே கேட்கவில்லை. சனிக்கிழமை உன் அண்ணன் தாமாவோடு கூரைத் தகரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. மாரடைப்பாம், ஆக்லாந்துக்குப் போனால்தான் பிழைப்பார் என்றார் டாக்டர். ரேடியோவில் சொல்லி நோயாளி விமானத்தை வரவழைத்தார்கள், உனக்கும் தகவல் சொல்வதாகச் சொன்னார்கள், நீ வந்து நிற்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். நேற்றே வந்தது திவா, மேகத்துக்குள் சத்தம் கேட்டது, ஓடுபாதை தெரியாமல் இரண்டு தடவை சுற்றிவிட்டுப் பக்கத்துத் தீவான டோங்காவுக்குப் போய்விட்டது. அந்தச் சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டே ஆம்புலன்ஸில் படுத்திருந்தார் உன் அப்பா. நான் அழுததைப் பார்த்து, "இங்க கிளம்பினா தேதிக்கோட்டைத் தாண்டி அங்க மறுநாள்லதான் இறக்குவான். நடுவுல தொலையுற நாள்ல நான் செத்தா கல்லறையில எந்தத் தேதியடி போடுவே?" என்று கிண்டல் வேறு. "வாயைக் கழுவுங்க" என்றேன், ஆனால் அவர் கை ஐஸாக இருந்தது. நீ கல்யாணமாகிப் போகும்போது, "மூன்றரை மணி நேரம்தானேம்மா, பாஸ்டர் பிரசங்கம் முடியறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாயே, நானும் பக்கம் என்றுதான் இருந்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டராம், அத்தனையும் தண்ணீர்.

இன்று விமானம் இறங்கிவிட்டது. கூட ஒருவர் போகலாம் என்றார்கள், ஏறி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுவிட்டேன். அப்போது விமானி வந்து, "எதிர்க்காத்து பலமா இருக்கும்மா, எண்ணெய் கூடுதலா ஏத்தணும். ஒரு ஆள் எடை குறைஞ்சாத்தான் நிக்காம போகலாம், இல்லேன்னா டோங்காவுல இறங்கி ஏறணும்" என்றார். டாக்டரைப் பார்த்தேன், அவ்வளவு நேரம் அப்பாவுக்கு இல்லை என்றார். நர்ஸ் இறங்க முடியுமா? நான்தான் இறங்கினேன். மருந்து மயக்கத்தில் அப்பா, "மெலே, கைய விட்டுடாதே" என்றார். நர்ஸின் கையை அவர் கைக்குள் வைத்துவிட்டு என் கையை உருவிக்கொண்டேன். நான் இறங்கியது அவருக்குத் தெரியாது திவா.

எண்ணெய் ஊற்றுகிறார்கள், முழங்காலில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நர்ஸ் இதை உன்னிடம் தருவாள். போர்வை எடுத்து வா, உங்கள் ஊர்க் கோடையும் அவருக்குக் குளிர்தான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொடமாட்டார், சேப்பங்கிழங்கைக் குழைய வேகவைத்துத் தேங்காய்ப்பால் விட்டுக் கொடு. கண் விழித்ததும் அம்மா எங்கே என்பார், பின்னால் வருகிறாள் என்று சொல், அடுத்த விமானத்தில் நின்றுகொண்டாவது வந்துவிடுவேன். வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால், என் கையைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டே போயிருப்பார், அதை நினைத்துத் தேற்றிக்கொள், ஆனால் அப்படி ஆகக் கூடாது, ஆகவே கூடாது, குழந்தையையும் மண்டியிடச் சொல், சின்ன வாய் கேட்டால் கர்த்தர் மறுக்கமாட்டார்.

உன் குடும்பத்துக்கு என் ஆசீர்வாதம். கதவை மூடப் போகிறார்கள், நர்ஸ் கை நீட்டுகிறாள். அவர் கையை நீ வாங்கிக்கொள் திவா, நடுவில் யாரும் விட்டுவிடாதீர்கள்.

ஓடுபாதை ஓரத்திலிருந்து,
உன் அம்மா மெலே