அத்தையின் காலரில் ஆறு கழுகுகள்

மார்ச் 4

புது நோட்டு. பழையதை அத்தை சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியாகிவிட்டது, ஏற்ற இறக்கத்தோடு. அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "எழுத்துப் பிழையை மட்டும் சொல்லிடறேன், மத்தபடி கதை நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. எவ்வளவு பெரிய மனசு! இனி எல்லாரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள், டார்ச் வெளிச்சத்தில்தான் எழுத்து.

மார்ச் 5

செய்துவிட்டேன்.

அப்பா எங்கள் முகங்களைச் செப்புத் தகட்டில் கீறி, தாளில் அச்சடித்து விற்கிறவர். தகட்டில் கறுப்பு மெழுகு பூசி, ஊசியால் வரைவார். ஊசி போன இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். இன்று அத்தையின் முறை. அப்பா கை கழுவப் போன நேரத்தில், தகட்டில் இருந்த அத்தையின் சட்டைக் காலரில், எறும்பு அளவு எழுத்தில், 'கழுகு' என்று எழுதினேன். ஆறு தடவை. அத்தையின் கண்ணுக்கு வேறு பெயர் பொருந்தாது. அப்பா பார்க்காமலே தகட்டை அமிலத்தில் இறக்கிவிட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற மனிதர்.

மார்ச் 9

இன்று அத்தையைப் பத்து தடவை அடித்தோம். (எங்கள் வீட்டுப் பேச்சு அப்படி. ஒருமுறை பள்ளியிலும் இப்படிச் சொல்லிவிட்டேன். டீச்சர் முகம் வெளுத்து, "எந்த அத்தையை?" என்றார்.)

தகட்டில் இருப்பது தாளில் இடம் வலமாகத் திரும்பி விழும். கழுகுகளும் திரும்பித்தான் விழுந்தன. பார்க்க ஏதோ பின்னல் வேலை மாதிரி இருக்கிறது. தப்பித்தேன்.

அப்பா மட்டும் பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். "இதை நான் எப்போ போட்டேன்?"

மார்ச் 14

படவியாபாரி வந்தார். இதுவரை எங்கள் வீட்டு விலை நிலவரம்: முதலில் அம்மா, அடுத்து நான் (பல் விழுந்த வாய்க்காக), அம்மாவை வாங்கினால் இலவசமாக அத்தை. இன்று அந்தக் காலரைப் பார்த்ததும் அவர் உட்கார்ந்தேவிட்டார்.

"சார், இது வெறும் பின்னல் இல்ல. ஒரு பொண்ணு வெளியில சொல்லாத ஏக்கம்."

ஏக்கம்! அத்தைக்கு! அவர் வெளியில் சொல்லாமல் விட்டது என்று ஒன்று உண்டா?

படம் சேகரிக்கிறவர்கள் இதற்குப் போட்டி போடுவார்களாம். அம்மாவைவிட மூன்று மடங்கு விலை. ஒன்பதை எடுத்துக்கொண்டார். பத்தாவதை அத்தை விடவில்லை. "காலரை வேணும்னுதான் போட்டேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க சார்" என்று வியாபாரி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்பா மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார்.

அத்தையின் நடையே மாறிவிட்டது. "ஏய் வாயாடி, தள்ளி நில்லு. இடிச்சு கிடிச்சு வைக்காதே, விலை குறைஞ்சிடும்."

மார்ச் 15

அத்தை தன் படத்தை மாட்டிவிட்டார். நிலைக்கண்ணாடிக்கு நேர் எதிரே! வீட்டில் வேறு சுவரே இல்லை பாருங்கள். தலை வாரும்போது நிமிர்ந்தால் போதும், ஆறு கழுகும் நேராகத் தெரியும்.

மார்ச் 16

இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

மார்ச் 20

அப்பா ஐந்து நாளாக ஊசியைத் தொடவில்லை. என்னுடைய புதுத் தகடு ஒரே ஒரு காதோடு நிற்கிறது. அம்மாவிடம் அவர் பேசியது என் அறைவரை கேட்டது. "என் கை என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியல. நான் போட்ட கோடு எனக்கே ஞாபகம் இல்லேன்னா, இனிமே என்னத்தைக் கீறி..."

அம்மா டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். தலைக்குள் படம் எடுத்துப் பார்ப்பார்களாம். நான் செய்த கேலிக்கு அப்பாவின் மண்டையைப் படம் எடுக்கப் போகிறார்கள். அந்தப் படத்துக்கு வியாபாரி என்ன விலை வைப்பார்?

சொன்னால் அத்தைக்குத் தெரிந்துவிடும். சொல்லலேன்னா? ஐயோ, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல. நான்தான் — நான்தான் பண்ணினேன்.

மார்ச் 21

பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டேன்.

அச்சு முடிந்ததும் பத்திரமாகச் சுற்றி வைத்த தகட்டை அப்பா பிரித்தார். அதைப் பிரித்துப் பார்க்காமல் இத்தனை நாள் தன் தலையைச் சந்தேகப்பட்டிருக்கிறார். துணியால் துடைத்தார். ஆறையும் நிதானமாகப் படித்தார்.

"'ழு'வுக்குச் சுழி நல்லா வந்திருக்கு. இவ்வளவு சின்னதுல எனக்கு வராது."

பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "அம்மாகிட்ட சொல்லு, டாக்டர் வேண்டாம்னு." வியாபாரிக்கு அவரே போன் செய்தார். "அந்தக் காலர் என் கோடு இல்ல."

அத்தைக்கு?

"அதை நீயே சொல்லு. எனக்கு அவ்வளவு தைரியம் இல்ல."

மார்ச் 24

ஒன்பது அத்தைகளும் வீடு திரும்பிவிட்டார்கள். அத்தை காரணம் கேட்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். கேட்கவில்லை. "போகட்டும். விலை ஏறினதிலேர்ந்து ஒரு பாத்திரம்கூடத் தேய்க்க முடியல" என்றார். விலை ஏறும் முன்பும் தேய்த்ததில்லை.

நாளை சொல்லிவிடுவேன். நாளை மறுநாள் கட்டாயம்.

மார்ச் 26

நோட்டைத் திறந்தால், முந்தாநாள் எழுதியதற்குக் கீழே பென்சிலில் ஏதோ பின்னல். குளியலறைக் கண்ணாடியில் காட்டிப் படித்தேன்.

"குட்டிக் கழுகுக்கு. மாட்டின அன்னைக்கே தலை வாரும்போது படிச்சிட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன். அப்பன்கிட்ட சொன்னியே, அது போதும். இதை யாருக்கும் வாசிச்சுக் காட்ட மாட்டேன். எழுத்துப் பிழை மட்டும் நாலு. டார்ச்சுக்குப் புது பேட்டரி தலையணைக்கு அடியில."

பேட்டரி இருந்தது.

திருப்பி எழுதுவது லேசான வேலை இல்லை. 'கழுகு'க்கு நடுவில் ஒரு 'ழு'வைத் திருப்ப மறந்துவிட்டிருக்கிறார். அதை வட்டமிட்டு, பக்கத்தில் 'பிழை ஐந்து' என்று எழுதியிருக்கிறேன். நோட்டை அதே இடத்தில்தான் வைக்கப் போகிறேன்.