ஆலைச் சங்கும் சித்தியின் குழலும்

அன்பு மகன் குண்டுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சித்தியும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும்.

"ரிட்டயர்டான டீச்சர் ரோட்டுல நின்னு கூத்தடிக்கலாமாம்மா, மாமா வேலைக்கு இன்னும் ஏதாவது ஆச்சுன்னா?" என்று நீ போனில் கேட்டாய். அப்போது கோபத்தில் போனை வைத்துவிட்டேன். நிறுத்த மாட்டேன்டா. அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மீதியைப் பொறுமையாகப் படி.

முப்பது வருஷம் கரும்பலகையில் ஒலி அலை வரைந்தேன், பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். இப்போது டிரம்மின் தோல்மேல் கடுகைத் தூவி உன் சித்தி பாடினால், கடுகு துள்ளுவதைப் பார்த்துக் கிழவர்களே வாய் பிளக்கிறார்கள். உங்கள் காதுக்குள்ளும் இப்படி ஒரு தோல் இருக்கிறது என்றால் உடனே புரிகிறது. இதை நெசவாலைக்காரர்களுக்குக் காட்டத்தான் ஆலையின் மண்டபத்தைக் கேட்டோம். தருகிறேன் என்ற மேனேஜர், தறிச் சத்தம் காதைக் கெடுக்கும் என்று எங்கள் நோட்டீசில் பார்த்ததும் மண்டபத்தைப் பூட்டிவிட்டார். சரி போ என்று ஷிப்ட் மாறும் மத்தியான நேரத்தில் ஆலை வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றுவிட்டோம். எங்களைத் துரத்த அவர் அனுப்பியது யாரை? அங்கே இருபத்தாறு வருஷமாகச் சூப்பர்வைசராக இருக்கும் உன் மாமாவை. "அக்கா, என் சோத்துல மண்ணைப் போடாதே" என்றான். பத்து நிமிஷம் நின்று கேள், பிறகு என்னை இழுத்துக்கொண்டு போ என்றேன்.

எல்லோரும் கண்ணை மூடிக் கையைத் தூக்க வேண்டும், குழல் சத்தம் கேட்காதபோது இறக்க வேண்டும், அவ்வளவுதான். சித்தி நீளக் குழலில் தொடங்கியதும் மேனேஜர் ஆலைச் சங்கைப் பிடித்து அலறவிட்டார். நான் சத்தத்தை அளக்கும் கருவியை நீட்டி, வந்த எண்ணைச் சாக்பீசால் சுவரில் பெரிதாக எழுதினேன். உங்கள் தறிக்கூடம் இதைவிடக் கொஞ்சம்தான் குறைவு, அதில் எட்டு மணி நேரம் நிற்கிறீர்கள் என்றேன். மகராசன், செலவில்லாமல் எனக்குப் பாடம் நடத்திக் கொடுத்தார்! சங்கு ஓய்ந்ததும் சித்தி ஒவ்வொன்றாகச் சின்னக் குழல்களுக்கு வந்தாள். குழல் சின்னதாக ஆக சத்தம் கீச்சென்று கூர்மையாகும், தறி முதலில் தின்பது அந்தக் கூர்மையைக் கேட்கும் காதைத்தான். டீக்கடைக்காரர் கை மேலேயே நின்றது. தறிக்காரர்கள் கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. மாமாவும் இறக்கிவிட்டு, கண்ணை மூடியபடியே என் பக்கம் திரும்பி, "ஏன்க்கா நிறுத்திட்டா? இன்னொரு குழல் இருக்குன்னியே?" என்று கேட்டான்.

அவள் இரண்டு முழம் தள்ளி நின்று அந்தக் குழலைத்தான் ஊதிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்து அவள் விரல்கள் ஓடுவதைப் பார்த்தான். எங்களைத் துரத்தாமலே ஆலைக்குள் திரும்பிப் போனான். கூப்பிட்டால் திரும்புவதில்லை, திமிர் என்று அவனை நானே எத்தனை தடவை ஏசியிருக்கிறேன், அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

மறுநாள் காலை காதுக்கு மூடி தராமல் என் ஆட்கள் உள்ளே வர மாட்டார்கள் என்று அவனே கேட்டில் நின்றுவிட்டான். சீட்டைக் கிழிப்போம் என்றார்களாம், கிழியுங்கள் என்றானாம். பின்னால் ஒருத்தர் விடாமல் நின்றார்கள். மூன்றாம் நாள் மூடிகள் வந்தன. மாமாவைக் கிடங்குக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள், அதுதான் உன் காதுக்கு வந்த சேதி. போன காது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் நூற்புப் பிரிவில் இன்னும் இருநூறு பேருக்கு மூடி வரவில்லை. சனிக்கிழமை அந்த வாசலில் நிற்கிறோம். கூட்டம் கூடக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள், ஒட்டட்டும், பசை நன்றாக இருந்தால் சரி.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். காதில் அந்தக் குமிழை மாட்டிக்கொண்டு பாட்டை அலறவிடாதே. ஞாயிற்றுக்கிழமை மாமாவை வீடியோவில் கூப்பிடு. கத்தாதே, முகம் தெரியும்படி வெளிச்சத்தில் உட்கார்ந்து நிறுத்திப் பேசு. உதட்டைப் பார்த்துத்தான் இப்போது அவன் கேட்கிறான்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா