பென்சில் டாக்டருக்குத் தேர்ச்சி கோரி லிஃப்ட்காரரின் மனு

அனுப்புநர்:
லிஃப்ட் இயக்குபவர் (பதினெட்டு ஆண்டு பணி),
இரண்டாம் எண் லிஃப்ட்,
குழந்தைகள் மருத்துவமனை.

பெறுநர்:
மருத்துவப் பயிற்சிப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
அதே மருத்துவமனை, ஐந்தாம் மாடி.

பொருள்: இனிக் குணமாக வழியில்லாத குழந்தைகளின் பெற்றோரிடம் பேசும் பயிற்சித் தேர்வு – மருத்துவர் ஒருவர் தோல்வி – மறுபரிசீலனை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாயன்று நடந்த மேற்படி தேர்வில் தந்தையாக நடிக்க வேண்டிய நாடக நடிகர் வரவில்லை. லிஃப்ட் பழுதாகி நின்றிருந்த என்னை, "சும்மாதானே நிக்கிறீங்க, வாங்க" என்று தங்கள் எழுத்தர் அழைத்துப் போய் உட்கார வைத்தார். எட்டு மருத்துவர்கள் வந்து, என் மகன் பிழைக்க மாட்டான் என்று எட்டு முறை சொன்னார்கள். எனக்கு மகனே கிடையாது. இரண்டு பெண்கள், இருவரும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். ஆனாலும் மூன்றாவது டாக்டர் போனதுமே வீட்டுக்குப் போன் போட்டு, இருவரும் சாப்பிட்டார்களா என்று கேட்டேன்.

2. மதிப்பெண் தாளில் 'டிஷ்யூ அளித்தல் – இரண்டு மதிப்பெண்' என்றிருக்கிறதாம். ஒரு டாக்டர் உள்ளே வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் டிஷ்யூ பெட்டியை என் மடியில் வைத்துவிட்டார். சேதி பின்னால் வந்தது. 'பத்து விநாடி மௌனம் – மூன்று மதிப்பெண்' என்பதற்காக இன்னொருவர் உதடசைத்து எண்ணினார். ஏழில் எனக்குத் தும்மல் வந்துவிட, பாவம், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

3. எட்டுப் பேரிடமும் தாளில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டது உண்மை. "பிள்ளைக்கு வலிக்குமா டாக்டர்?" ஒருவர், "அது அடுத்த பாடம்" என்றார். ஆறு பேர், மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த தேர்வாளரைத் திருதிருவென்று பார்த்தார்கள்.

4. கடைசியாக வந்தவர், கொண்டையில் பென்சில் செருகியிருப்பதால் பிள்ளைகள் 'பென்சில் டாக்டர்' என்று கூப்பிடும் பெண். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "வலி தெரியாம பாத்துக்க மருந்து இருக்கு. மீறி வலிச்சா கூப்பிடுங்க, எந்நேரமானாலும் நானே வரேன். நீங்க அவன் பக்கத்துலயே இருங்க, யாரும் வெளிய போகச் சொல்ல மாட்டாங்க" என்றார். பிறகு, "பையன் பேரென்ன?" என்று கேட்டார். இல்லாத பையனுக்குப் பெயர் தேடியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெட்டி எட்டாத தூரத்தில் இருந்ததால் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். முடிவு: டிஷ்யூ அளிக்கவில்லை, ஏழு நிமிட வரம்பைத் தாண்டினார், தோல்வி. திங்கள் முதல் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றம் என்று கேள்விப்படுகிறேன். தேர்வாளரைக் குறை சொல்லவில்லை. அவர் தாளைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

5. இதைச் சொல்ல லிஃப்ட்காரன் யார் என்று தாங்கள் கேட்கலாம். இங்கே அந்தச் சேதியைப் பெரும்பாலும் என் லிஃப்ட் வாசலில்தான் சொல்கிறார்கள். லிஃப்ட் வந்ததும் பேச்சை முடித்துக்கொள்ள வசதி. டாக்டர் மாடிப்படியில் போய்விடுவார், பெற்றோர் என்னோடு வருவார்கள். நான்காம் மாடியிலிருந்து கீழே வர நாற்பது விநாடி ஆகும். டாக்டரிடம் கேட்க வாய் வராததை என்னிடம் கேட்பார்கள்: "பிள்ளைக்கு வலிக்குமாங்க?" பதினெட்டு வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே பதில், "தரைத்தளம் வந்துடுச்சுங்க."

6. பென்சில் டாக்டர் சொன்னதை இப்போது மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் 'நானே வரேன்' என்கிற இடம் வந்ததும் நின்றுவிடுகிறேன். அதைச் சொல்ல லிஃப்ட்காரனால் முடியாது.

ஆகவே, அவருக்குத் தேர்ச்சி அளித்து நான்காம் மாடி வார்டிலேயே இருக்கவிடுமாறும், என் கேள்வியைத் தாளில் சேர்க்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். தாங்கள் ஐந்தாம் மாடியிலிருந்து இறங்கும்போது பதில் சொன்னாலும் போதும்.

இடம்: லிஃப்ட் வாசல், நான்காம் மாடி
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்களைத் தினமும் மேலே ஏற்றிவிடும்,
(ஒப்பம்)
லிஃப்ட்காரர்

இணைப்பு: மருத்துவரின் கைக்குட்டை – ஒன்று (துவைத்து மடித்தது). வார்டில் அவரிடம் சேர்ப்பிக்கவும்.