பதில் வணக்கம் கிடைக்காத நாள்

யுன்லின், தைவான்
அக்டோபர் 14

அன்பு மகள் யி-ஹானுக்கு அம்மா எழுதுவது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஹாம்பர்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும். அப்பாவின் மூட்டுவலி குறைந்திருக்கிறது, டாக்டர் கொடுத்த மருந்தால் இல்லை, தான் தேய்த்த எண்ணெயால்தான் என்று சாதிக்கிறார், நானும் விட்டுவிட்டேன். காய வைத்த முள்ளங்கி ஒரு பொட்டலம் தனியாக அனுப்பியிருக்கிறேன், கஞ்சிக்குத் தொட்டுக்கொள், ரொட்டியையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. இவ்வளவு எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்துவிட்டேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில்தான் உன்னிடம் பொய் சொன்னேன், அதனால் இதைக் கையால் எழுதுகிறேன்.

வெங் மாமா இறந்துபோனதை அப்பா சொல்லியிருப்பார். நீ சின்னவளாக இருந்தபோது, தொழிற்பேட்டைக்கு வயலை எடுக்கக் கூடாதென்று நாங்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்த நாற்பது நாளும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர். அந்தக் கூடாரத்தில் அவரும் நானும் ஒரு அட்டையில் எழுதியதுதான் ‘உழுகிறவர் சம்மதமில்லாமல் ஒரு பிடி மண்ணும் எடுக்கக் கூடாது’ என்ற வரி. அதை நம் கட்சி அப்படியே தன் கொள்கையில் சேர்த்தபோது அவர் குடித்துவிட்டு அழுதார். பிறகு அதிபர் பதவி கிடைத்தது, ஆனால் நாடாளுமன்றம் எதிர்க்கட்சியின் கையில் இருந்தது, எது நடக்காவிட்டாலும் அவர்களைக் கைகாட்டித் தப்பித்தோம். போன தேர்தலில் இரண்டும் நம் கைக்கு வந்தன. பட்டாசுக் குப்பையைக் கூட்டி முடிக்கவே இரண்டு நாள் ஆனது. அதற்குப் பிறகு கைகாட்ட ஆள் இல்லை.

யாரும் எங்களை விலைக்கு வாங்கவில்லையடி, வாங்கியிருந்தால்கூட ஒரு சாக்கு இருந்திருக்கும். நான் வேலை பார்க்கும் நம் எம்.பி. அலுவலகத்துக்கு முன்பெல்லாம் விவசாயிகள் சேற்றுக்காலோடு வருவார்கள், தேநீர் ஊற்றிக் கொடுத்து மணிக்கணக்கில் கேட்பேன். இப்போது கம்பெனிக்காரர்கள் கோப்போடு வருகிறார்கள். கோப்பில் எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது, இத்தனை பேருக்கு வேலை, நாட்டுக்கு இவ்வளவு ஏற்றுமதி என்று. ஊர் என்று பேசிய வாய் நாடு என்று பேசப் பழகிவிட்டது. ஒருநாள் வெங் மாமாவிடமே, வயலைக் கொடுக்காத நாலு பேருக்காக எல்லோரையும் நிறுத்திவைக்க முடியுமா அண்ணா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “அன்னைக்கு நம்ம கூடாரத்தப் பிரிக்க வந்த அதிகாரி சொன்னதும் இதேதான் தங்கச்சி, நீ அவன்மேல செருப்ப வீசினே” என்றார்.

ஜூலையில் அந்த வரியை மாற்றக் கட்சிக் கூட்டம் போட்டார்கள். சம்மதமில்லாமல் என்பதை எடுத்துவிட்டு, கலந்து பேசாமல் என்று போடுவதாகத் தீர்மானம். நீ போனில் கேட்டாய், நீயுமா கை தூக்கினாய் அம்மா என்று. அந்த நேரம் பார்த்து வெளியே போயிருந்தேன் என்றேன். பொய். இரண்டாவதாகத் தூக்கிய கை என்னுடையது. கடைசி வரிசையில் மாமா கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து சாப்பாட்டுப் பொட்டலம்கூட வாங்காமல் போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவேயில்லை, செப்டம்பரில் மாரடைப்பு.

இதைவிடக் கேவலம் இனிமேல்தான். காலையில் தொகுதியில் இறந்தவர்கள் பட்டியல் வந்ததும், எம்.பி. பெயரில் சாவுப் பந்தலில் தொங்கவிடும் அஞ்சலித் துணி அச்சடிக்கக் கடைக்குப் போன் செய்வது என் வேலை என்று உனக்குத் தெரியும். வாசகங்களுக்கு நம்பர் உண்டு, ஆசிரியருக்கு ஒன்று, வயதான அம்மாக்களுக்கு இரண்டு, விவசாயிக்கு மூன்று. அன்று ஏழு பேர். மாமா பெயரையும் அதே மூச்சில் வாசித்து, மூன்றாம் நம்பர் என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டேன். இறந்தது யார் என்று தெரியும், நாக்குதான் தன்பாட்டுக்கு வேலை செய்தது. அஞ்சலிப் பந்தலில் போய்ப் பார்த்தால், அந்த மூன்றாம் நம்பர் வாசகம், ‘அவர் வாழ்க்கை நமக்குப் பாடம்’ என்று பெரிய எழுத்தில் தொங்குகிறது, கீழே எம்.பி. பெயரும் கட்சியின் பெயரும்.

ஒலிபெருக்கியில் நம் கட்சியின் பெயரைக் கூப்பிட்டார்கள். எம்.பி. முன்னால், நான் பின்னால், ஊதுவத்தி வைத்துக் குனிந்தோம். குடும்பத்தார் பதில் வணக்கம் என்று அறிவித்தார்கள். மாமாவை இழந்து நின்ற அ-லியென் அத்தையும் இரண்டு பையன்களும் அசையவில்லை. இன்னொரு தடவை அறிவித்தார்கள், நிமிர்ந்தபடியே நின்றார்கள். யாரோ ஊர்பேர் தெரியாதவர் வந்து குனிந்தாலும் திரும்பக் குனிகிற ஊர் இது. எம்.பி. அடுத்த சாவு வீட்டுக்கு நேரமாகிறதென்று காரில் ஏறிவிட்டார். எனக்கு நிமிரவே முடியவில்லை. அத்தை பக்கத்தில் வந்து, “அவரு வாழ்க்கை உங்களுக்குப் பாடமாடி பீ-சியா? அப்போ என்னத்தடி படிச்சீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம்கூடச் சொல்லாமல் கூசிப்போய்ப் படுத்துக்கிடந்தேன்.

அந்த வரி மாறியதால் தொழிற்பேட்டைக்குப் போகிற மாமாவின் வயலுக்கு இயந்திரம் வரும் தேதி நவம்பர் 20. அத்தை வரப்பிலேயே கூடாரம் போட்டுவிட்டாள். அலுவலகத்தில் விலகல் கடிதம் கொடுத்துவிட்டேன், அதை வீரம் என்று நினைக்காதே, ஜூலையில் கொடுத்திருந்தால் வீரம். ஞாயிற்றுக்கிழமை ஒரு முக்காலியை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உக்காரணும்னா உக்காரு. பேசாத. நீ பேசினதெல்லாம் போதும்” என்றாள். சாயங்காலம்வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தினமும் போகிறேன்.

உன் மேசைக்கு மேலே நான் அன்று போராட்டக் கூடாரத்தில் கட்டியிருந்த மஞ்சள் தலைத்துணியை மாட்டியிருக்கிறாயே, வருகிறவர்களிடம் இது என் அம்மாவுடையது என்று சொல்வாயே, இனிமேல் சொல்லாதே கண்ணு. அதைக் கழற்றி, துவைக்காமல், அந்த வேர்வைக் கறையோடு அ-லியென் அத்தையின் பெயருக்கு அனுப்பிவிடு. எனக்கு அனுப்பாதே. அவளாக எடுத்து என் தலையில் கட்டினால் கட்டிக்கொள்வேன், இல்லையென்றால் வெறுந்தலையோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு நோய்நொடி வராமல், நினைத்ததை நினைத்தபடி சொல்லும் தைரியம் குறையாமல், நீ நன்றாக இருக்க வேண்டும். தலைத்துணி நவம்பர் இருபதாம் தேதிக்குள் அத்தை கைக்கு வந்து சேர வேண்டும், இந்தக் கடிதம் கிடைத்ததுமே தபாலில் போடு.

உன்னிடம் பொய் சொன்ன,
அம்மா
கோ பீ-சியா